செவலைக் கிடாயின் ஒன்றரை நிமிடம்: திருச்செங்கோட்டிலிருந்து மேச்சேரிக்கு

போன மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, திருச்செங்கோட்டிலிருந்து மேச்சேரிக்குப் போனேன். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ இல்லை. ஒரு செம்மறிக் கிடாயை வீடியோ எடுக்கப் போனேன். கையில் போன் வைத்துக்கொண்டு ஆட்டையோ மாட்டையோ பேத்தியின் நடனத்தையோ படம் பிடிக்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்தால் நான் செய்த தப்புகளைச் செய்யாமல் தப்பிக்கலாம். வழி, நேரம், செலவு எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. முப்பத்தொரு வருடம் போர்வெல் ரிக் வண்டியில் வேலை பார்த்தேன். ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஒடிசா என்று போகாத ஊர் குறைவு. ஆனால் அந்த ஊர்களின் பெயர்ப் பலகை ஒன்றைக்கூட நான் படித்ததில்லை, படிக்கத் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்தில் நடந்த மாலை வகுப்பில் சேர்ந்து கற்றுக்கொண்டேன். இந்தப் பதிவை முதலில் நோட்டில் எழுதி, பிறகு போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். பதினொரு நாள் ஆயிற்று. பதினொரு நாளும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பயணத்தின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் தம்பி செங்கோடன் மேச்சேரிக்கு ஆறு கிலோமீட்டர் தள்ளித் தோட்டத்தில் குடியிருக்கிறார். முப்பது பெட்டை ஆடுகளும் ஒரு கிடாயும் வைத்திருக்கிறார். கிடாய் செம்மண் நிறம், அதனால் பெயர் செவலை. ஒரே கிடாயை ஒரு மந்தையில் இரண்டு வருடத்துக்கு மேல் விடக்கூடாது. அதன் குட்டிகளே பருவத்துக்கு வந்துவிடும், பிறகு பிறக்கிற குட்டிகள் நோஞ்சானாகப் போகும். எனவே செவலையை மாற்றியாக வேண்டும். வேறொரு மந்தைக்காரர் வாங்கிக்கொண்டால் அது அங்கே போய் இன்னும் சில வருடம் ராஜாவாக இருக்கும். யாரும் வாங்காவிட்டால் புதன்கிழமைச் சந்தை. சந்தைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கறிக்கு வாங்குகிறவர்கள்.

செங்கோடனின் மனைவி பாவாயி அந்தக் கிடாயைப் புட்டிப் பால் கொடுத்து வளர்த்தவள். பிறந்த மூன்றாம் நாளே தாய் செத்துவிட்டது. சந்தை என்ற பேச்சை எடுத்தாலே அவள் எழுந்து போய்விடுகிறாள் என்று செங்கோடன் சொன்னார்.

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா தன் மந்தைக்கு நல்ல மேச்சேரிக் கிடாய் தேடிக்கொண்டிருந்தார். ஓமலூரில் பெட்டை ஆடுகள் வாங்கியிருந்தார். அவற்றை ஏற்றிக்கொள்ள அவருடைய வண்டி புதன்கிழமை காலை வருகிறது. செவ்வாய் மாலை ஆறு மணிக்குள் கிடாயின் இரண்டு பக்கமும் தெரிகிற வீடியோ வந்து, பிடித்துப்போனால் அதே வண்டியில் செவலையையும் ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். செங்கோடன் அதுவரை மூன்று வீடியோ அனுப்பியிருந்தார். முதலாவதில் அவருடைய கட்டைவிரல். இரண்டாவதில் கிடாயின் பின்புறம், அதுவும் ஓடிக்கொண்டிருக்கும்போது. மூன்றாவதில் சூரியன்.

திங்கள்கிழமை மாலை எனக்குப் போன் வந்தது.

"மாமா, நீங்கதான் வரோணும். உங்க வகுப்புல டீச்சரம்மா பாடுனத வீடியோ எடுத்து அனுப்புனீங்களே, நெம்ப நல்லா இருந்துச்சுங்க."

"அந்தம்மா நின்ன இடத்துலயே நின்னாங்க மாப்ள. உங்க கெடா நிக்குமா?"

"நிக்காதுங்க. அதுக்குத்தான் உங்களக் கூப்புடறேன்."

செவ்வாய் காலை 6.20க்குத் திருச்செங்கோட்டில் சேலம் பேருந்தில் ஏறினேன். கட்டணம் 30 ரூபாய். சங்ககிரி வழியாகப் போகிறது, ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். இடது பக்க ஜன்னலில் உட்கார்ந்து வழிநெடுகப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனேன். லாரிப் பட்டறை, நூல் மில், மருத்துவமனை, கல்லூரி, மறுபடியும் கல்லூரி. நூறு தடவை போன சாலைதான். ஆனால் அதில் இவ்வளவு எழுதி வைத்திருக்கிறார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

7.50க்குச் சேலம் புதிய பேருந்து நிலையம். ஒரு டீ, ஒரு வடை, 24 ரூபாய். மேட்டூர் போகிற பேருந்துகள் எல்லாமே ஓமலூர், மேச்சேரி வழியாகத்தான் போகின்றன என்றாலும் கேட்டுக்கொண்டு ஏறுவது நல்லது. நான் யாரையும் கேட்கவில்லை. பலகையில் "மேட்டூர்" என்று இருந்தது, படித்தேன், ஏறினேன். 8.15க்குப் புறப்பட்டது. மேச்சேரிக்கு 28 ரூபாய்.

என் பக்கத்தில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பெரிய பையுடன் வந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு இரும்புக் கால் நீட்டிக்கொண்டு என் முழங்காலில் இடித்தது.

"சாரிங்க ஐயா, ஸ்டாண்டு. உள்ள போக மாட்டேங்குது."

"கேமரா ஸ்டாண்டாம்மா?" என்றேன். எனக்கு அப்போதே சந்தோஷம் தாங்கவில்லை.

பெயர் ஸ்டெல்லா. சேலத்துக்காரி. அவளும் கணவரும் கல்யாண வீடியோ எடுக்கிறார்கள். அன்று மேட்டூரில் ஒரு புதுமனைப் புகுவிழா. கணவர் விளக்குகளோடு வண்டியில் முன்னால் போய்விட்டார். நான் போகிற காரியத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "நீங்க எடுத்தது ஏதாச்சும் இருந்தா காட்டுங்க" என்றாள். போனைக் கொடுத்தேன். எங்கள் தெருத் திருவிழா வீடியோவைப் பார்த்தாள்.

"ஐயா, இது வீடியோ இல்ல. நீங்க செடிக்குத் தண்ணி விட்டிருக்கீங்க. டியூப்பப் புடிச்சு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்."

"எல்லாம் தெரியட்டும்னுதாம்மா ஆட்டுனேன்."

"ஆட்டினா எதுவுமே தெரியாது."

அப்புறம் ஓமலூர் வருகிற வரை எனக்குப் பாடம் நடந்தது. முதலில் தன் கைக்குட்டையால் லென்ஸைத் துடைத்தாள். துடைத்த துணியில் எண்ணெய் பிசுபிசுத்தது. என் மனைவி கட்டிக் கொடுத்த முறுக்குப் பொட்டலமும் போனும் ஒரே பையில் இருந்தன. "உங்க ஊர்ல பனிமூட்டம் அதிகம்னு நெனச்சேன், முறுக்குதானா!" என்றாள். பிறகு போனைப் படுக்கை வசமாக இரண்டு கையாலும் பிடிக்கச் சொன்னாள். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், கால்களை அகட்டி நிற்க வேண்டும், மூச்சை விட்டுவிட்டு எடுக்க வேண்டும். வெயில் நம் முதுகில் விழ வேண்டும். பொருள் நகர்ந்தால் நாம் நகரக்கூடாது. விரலால் இழுத்துப் பெரிதாக்கக்கூடாது, கால் இருக்கிறது, நடந்து பக்கத்தில் போக வேண்டும். எதையும் தூரத்தில் ஒன்று, நடுத்தரமாக ஒன்று, கிட்டத்தில் ஒன்று என்று மூன்றாக எடுக்க வேண்டும். எதிரில் உள்ளது சின்னதாக இருந்தால் நாமும் அதன் உயரத்துக்குக் குனிய வேண்டும்.

"முக்கியமானது ஒண்ணு. பட்டனை அழுத்தினதும் மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. முடிஞ்சுருச்சுன்னு தோணும்போதும் பத்து எண்ணுங்க. அப்புறம்தான் நிறுத்தணும்."

நான் சட்டைப்பை நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். பேருந்து குலுங்கியதில் எழுத்துகள் மேலும் கீழும் போயின.

"எழுதிக்கிறீங்களா ஐயா?"

"எழுதுனாத்தாம்மா எனக்கு நிக்குது."

ஓமலூர் நிறுத்தத்தில் கொய்யாப்பழம் விற்கிற ஒரு அம்மாவை ஜன்னல் வழியாக எடுக்கச் சொன்னாள். பத்து எண்ணினேன். அசையவில்லை. ரிக் வண்டியில் ராடு இறக்கும்போது லிவரை மெதுவாக, ஒரே சீராக விட வேண்டும். கொஞ்சம் வெடுக்கென்று இழுத்தாலும் ராடு கிணற்றுக்குள் போய்விடும். அந்தப் பழக்கம் கையில் இன்னும் இருக்கிறது போல. ஸ்டெல்லா பார்த்துவிட்டு, "கை நல்லாத்தான் இருக்கு, ஆளுக்குத்தான் அவசரம்" என்றாள். 9.40க்கு மேச்சேரியில் நான் இறங்கினேன். அவள் ஜன்னலில் இருந்து கை காட்டினாள்.

மேச்சேரியிலிருந்து தோட்டத்துக்கு ஷேர் ஆட்டோ, 20 ரூபாய், ஆறு கிலோமீட்டர். 10.15க்குப் போய்ச் சேர்ந்தேன்.

உடனே எடுத்திருக்கலாம். ஆனால் உறவு வீட்டுக்குப் போனால் முதலில் சாப்பாடு. பாவாயி கோழி அடித்திருந்தாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது மணி ஒன்றரை. அதன் பிறகுதான் பாவாயி செவலையைக் கொட்டிலிலிருந்து அழைத்துவந்தாள்.

நான் அசந்துபோனேன். விடியற்காலையிலேயே அதைக் குளிப்பாட்டி, உடம்பு முழுக்க மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்து, கழுத்தில் சாமந்தி மாலையும் ஒரு சின்ன மணியும் கட்டியிருந்தாள். மாப்பிள்ளை மாதிரி நின்றது. எங்கள் மூன்று பேருக்கும் அது அழகாகத்தான் தெரிந்தது.

எடுத்தேன். நின்றபடியே, மேலிருந்து கீழே பார்த்து, உச்சி வெயிலில். கிடாய் நிற்கவில்லை. இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ரிக் வண்டியில் கம்ப்ரசர் ஓடும்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. முப்பத்தொரு வருடம் கத்தியே பேசிப் பழகியவன் நான். வேலை என்று வந்துவிட்டால் தானாகக் குரல் ஏறிவிடும். "புடி மாப்ள! உடாத! தலையப் புடி! அசையாமப் புடி!" என்று கத்திக்கொண்டே எடுத்தேன். செங்கோடன் பிடித்தார். கிடாய் அவரிடமிருந்து தலையை உருவிக்கொண்டு உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பியது. "ஆஹா, நல்லா வந்துச்சு" என்று நிறுத்தினேன். தோட்டத்துக்குக் கிழக்கே உள்ள பாறை மேல் ஏறி இரண்டு மணிக்கு அனுப்பினோம்.

இரண்டரைக்கு ஒட்டன்சத்திரத்து அம்மா கூப்பிட்டார். செங்கோடன் எல்லோருக்கும் கேட்கும்படி போனைத் திறந்து வைத்தார்.

"ஏனுங்க, இது கோயிலுக்கு நேந்து வுட்ட கெடாயிங்களா?"

"இல்லீங்கம்மா! எங்க மந்தைக் கெடாதானுங்க."

"மஞ்சள் பூசியிருக்குது, குங்குமம் இருக்குது, மாலை போட்டிருக்குது. பக்கத்துல ஒருத்தரு தலையப் புடி, உடாதன்னு கத்தறாரு. கெடா வேற சிலுப்புது. என்னால பாக்கவே முடியலீங்க."

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாயை மஞ்சளும் மாலையுமாகக் கோயில் வாசலில் நிறுத்தித் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த நிமிடம் வெட்டு. நான் எடுத்திருந்தது அந்த அடுத்த நிமிடத்துக்கு முந்திய நிமிடம் மாதிரி இருந்தது.

"அலங்காரத்துக்குப் பண்ணுனதுங்கம்மா, சாமி சத்தியமா" என்றார் செங்கோடன்.

"நீங்க அப்படிச் சொல்றீங்க, வீடியோ இப்படிச் சொல்லுதே. சாமிக்கு வுட்டத வாங்குனா எங்க மந்தைக்கு ஆகாதுங்க. ஆறு மணிக்குள்ள வேற அனுப்புங்க, பாக்கறேன். இல்லீனா ஓமலூர்லயே இன்னொரு கெடா பேசி வெச்சிருக்குது, அதையே ஏத்திக்கச் சொல்லிப்போடுவேன்."

போன் நின்றது. பாவாயி எழுந்தாள். போய் மாலையைக் கழற்றினாள். கீழே போட்டாள். செவலை அதை முகர்ந்து பார்த்துவிட்டு நிதானமாகத் தின்ன ஆரம்பித்தது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் அதைப் பார்த்துச் சிரிப்பும் வந்துவிட்டது.

"எம்மேல தப்புங்ணா. ஊரு ஊட்டுக்குப் போற புள்ளைன்னு சிங்காரிச்சுப்போட்டேன்."

"உன் மேல தப்பில்ல தங்கச்சி. படம் எடுத்தவன் நான். எம் மூஞ்சிக்கு முன்னால என்ன நிக்குதுன்னு நான் பாக்கோணும்."

அப்போதுதான் நோட்டை எடுத்துப் படித்தேன். லென்ஸைத் துடைக்கவில்லை. வெயிலைப் பார்க்கவில்லை. குனியவில்லை. பத்து எண்ணவில்லை. ஸ்டெல்லா சொன்னதில் ஒன்றைக்கூட நான் செய்யவில்லை. படித்துக் காட்டியதும் செங்கோடன், "மாமா, பேசாம இந்த நோட்டையே அந்தம்மாவுக்கு அனுப்பியிருக்கலாமுங்க" என்றார்.

மஞ்சள் தண்ணீரில் மட்டும் போகாது. பாவாயி அரப்புத்தூளைக் கரைத்து வந்து தேய்த்தாள். தலைக்குத் தேய்க்கிற அரப்பு எண்ணெயையும் மஞ்சளையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு வரும். செவலைக்குத் தண்ணீர் பிடிக்கவே பிடிக்காது. மூன்று மணியிலிருந்து மூன்றரை வரை எங்கள் மூவரையும் அது குளிப்பாட்டியது. செங்கோடன் தன் துண்டால் துவட்டினார், பிறகு என் துண்டால் துவட்டினார். காய்வதற்கு வெயிலில் கட்டிவிட்டுக் காத்திருந்தோம். நாலே காலுக்கு வலப்பக்கம் சுத்தமாக இருந்தது. இடப்பக்க விலாவில் கையகலம் மஞ்சள் போகவே இல்லை.

"வலப்பக்கத்த மட்டும் எடுங்க மாமா."

"வாங்கறவங்க ரண்டு பக்கமும் கேட்டிருக்காங்க மாப்ள. ரண்டையும் எடுப்போம். மஞ்சளக் காட்டி, இது இன்னதுன்னு நீங்களே வாயால சொல்லிப்போடுங்க."

கத்தக்கூடாது என்பதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். வாயை மூடிக்கொண்டு எப்படி வேலை வாங்குவது? செங்கோடன்தான் வழி சொன்னார். அவர் இளவயதில் நாலு வருடம் என்னோடு ரிக்கில் இருந்தவர். கம்ப்ரசர் சத்தத்தில் நாங்கள் கைச்சாடையில் பேசிக்கொள்வோம். விரல்களை மடக்கி முஷ்டியை உயர்த்தினால் நிறுத்து. உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தால் மெதுவாக. விரலைச் சுற்றினால் திருப்பு. ரிக்கை விட்டு முப்பது வருடம் ஆகியும் அவருக்கு ஒன்றுகூட மறக்கவில்லை. பாவாயிக்குச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. "சினிமா எடுக்கறதாட்டம் இருக்குது" என்றாள்.

நாலரை மணி வெயில் சாய்ந்து நல்ல மஞ்சளாக இருந்தது. அதை என் முதுகுக்கு வைத்து நின்றேன். முதலில் தூரத்திலிருந்து, கிடாய் முழுவதும் தெரியும்படி. பின்னால் வெறும் மேய்ச்சல் நிலம், வேறு ஒன்றும் இல்லை. கிடாயின் உயரத்துக்கு வர மண்டி போட்டேன். போதவில்லை. குப்புறப் படுத்தேன்.

"பாவாயி, மாமா படுத்துட்டாருங்கறேன்! சோடா கொண்டா!"

நான் முஷ்டியை உயர்த்தினேன். செங்கோடன் வாயை மூடிக்கொண்டார். அந்தச் சாடைக்கு இவ்வளவு பயன் இருக்கும் என்று ரிக்கில் இருந்தபோது தெரியாது.

நடையைக் காட்ட வேண்டும். கயிற்றைப் பிடித்து இழுத்தால் கிடாய் கழுத்தை விறைத்துக்கொண்டு நடக்கிறது, நொண்டுவது மாதிரி தெரிகிறது. கயிற்றை அவிழ்த்துவிட்டோம். பாவாயி எனக்கு வலது பக்கம் தள்ளி நின்று ஒரு டப்பாவில் வெள்ளவேலங்காயைப் போட்டுக் குலுக்கினாள். அந்தச் சத்தத்துக்குச் செவலை எங்கே இருந்தாலும் வரும். குறுக்காகப் பன்னிரண்டு அடி, நிமிர்ந்து, காலை அழுத்தி வைத்து நடந்தது. அது போகிற திசையில் படத்துக்குள் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருந்தேன். அதனால் எங்கேயோ போகிறது என்பது தெரிந்தது. நான் அசையவில்லை. இரண்டு பக்கமும் அப்படியே எடுத்தேன். இடப்பக்கம் வந்தபோது செங்கோடன், "இது மஞ்சளுங்கம்மா. ஊட்டுக்காரி ஆசையில பூசுனது. சாமிக்கு இல்லீங்க" என்றார்.

பிறகு கிட்டத்தில். உதட்டை விலக்கிப் பல்லைக் காட்டினார். முதல் தடவை அவருடைய விரலே பல்லை மறைத்தது, சாடை காட்டி மறுபடி எடுத்தேன். வயதைச் சொல்கிற நாலு பல் பளிச்சென்று தெரிந்தது. வால், குளம்பு, விதை எல்லாம் ஒவ்வொன்றாக. கிடாய் வாங்குகிறவர்களுக்கு விதையைக் காட்டியே ஆக வேண்டும், கூச்சப்பட்டால் வேலைக்கு ஆகாது.

கடைசியில் பாவாயியைப் பேசச் சொன்னேன். காற்று அடித்தது. சத்தம் இரையாமல் இருக்கக் கொட்டில் சுவரின் மறைவுக்குப் போனோம். போனுக்கு மூன்று அடியில் நின்றாள்.

"தாயில்லாத குட்டிங்க. நாந்தான் வளத்துனேன். நாலு பல்லு. இதுவரைக்கும் ஒரு நோவு நொடி இல்லீங்க. குட்டியெல்லாம் நல்ல எலும்பு." செவலை நின்ற பக்கம் பார்த்தாள். "மழ பேஞ்சா உள்ள எடுத்துக் கட்டுங்க. நனஞ்சா அவனுக்கு ஆகாது. அவ்வளவுதானுங்க."

முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. விரல் சிவப்புப் பட்டனுக்குப் போய்விட்டது. ஆனாலும் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலு எண்ணும்போது செவலை பக்கத்தில் வந்து நின்றது. ஆறில் அவள் முந்தானைக்குள் தலையை நுழைத்தது. எட்டில் அவள் கை தானாக அதன் காதுக்குப் பின்னால் போயிற்று. பத்தில் நிறுத்தினேன்.

மொத்தம் ஐந்து துண்டு, எல்லாம் சேர்த்து ஒன்றரை நிமிடம். தோட்டத்தில் பேசுவதற்குத்தான் சிக்னல் உண்டு, வீடியோ போகாது. அதற்குக் கிழக்கே பாறை மேல் ஏறியாக வேண்டும். ஏறினோம். 5.25க்கு அனுப்ப ஆரம்பித்து 5.48க்குத்தான் கடைசித் துண்டு போயிற்று. பாவாயி கீழேயே நின்றாள். 5.56க்குப் போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"கெடாயக் கட்டி வைங்க. காலைல ஏழு மணிக்கு வண்டி வந்துரும்" என்றார் அந்த அம்மா. "அப்புறம் அந்தம்மாகிட்டச் சொல்லிப்போடுங்க. மழையில நனைய உட மாட்டேன்னு."

நான் பாறை மேலிருந்து கத்தினேன். இந்த முறை கத்தலாம், கேமரா ஓடவில்லை. பாவாயி டப்பாவில் மிச்சமிருந்த காய் முழுவதையும் செவலைக்குக் கொட்டினாள்.

புதன்கிழமை வண்டி 7.20க்கு வந்தது. செவலையை ஏற்றி அனுப்பினோம். ஏற்றும்போது வீடியோ எடுக்கட்டுமா என்று கேட்டேன். பாவாயி வேண்டாம் என்றாள். எடுக்கவில்லை. எட்டரைக்கு ஷேர் ஆட்டோ பிடித்து, மதியம் பன்னிரண்டுக்குள் வீடு வந்தேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். திருச்செங்கோட்டிலிருந்து மேச்சேரிக்கு ஒரு வழிக்கு 78 ரூபாய், நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சேலத்திலிருந்து மேட்டூர் பேருந்துகள் அடிக்கடி இருக்கின்றன. சந்தை பார்க்க வேண்டுமானால் புதன்கிழமை விடியற்காலையிலேயே போய்விடுங்கள். போனை முறுக்கோடு வைக்காதீர்கள். வெளிச்சத்துக்குக் காலை ஒன்பதுக்கு முன்னாலும் மாலை நாலுக்குப் பின்னாலும் நல்லது, நடுவில் சாப்பிட்டுத் தூங்கலாம். போனில் சார்ஜும் இடமும் இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். எடுக்கிறவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பட்டனை அழுத்துவதற்கு முன்னால் நான்கு மூலையையும் ஒருமுறை பாருங்கள், உங்களைத் தெரியாத ஒருவர் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று யோசியுங்கள். நமக்குத் தெரிந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. அவருக்கு அந்தச் சின்னச் சதுரம் மட்டும்தான். எழுத்தும் அப்படித்தான் என்று இந்தப் பதினொரு நாளில் எனக்குப் புரிகிறது. நோட்டில் எழுதியதைப் பலமுறை அடித்து எழுதினேன்.

போன வாரம் ஒட்டன்சத்திரத்து அம்மா ஒரு வீடியோ அனுப்பினார். செவலை பெட்டை ஆடுகளுக்கு நடுவே நிற்கிறது. படம் நிற்காமல் ஆடுகிறது, வெயில் எதிரே இருக்கிறது, கடைசி எட்டு விநாடி வெறும் வானம். நான் மெதுவாகத் தட்டி எழுதி அனுப்பினேன்: "கிடாய் நல்லா இருக்குதுங்க. அடுத்த தடவை கொஞ்சம் குனிந்து, அதன் உயரத்துக்கு எடுங்கள்."

அரை மணியில் பதில் வந்தது. நானே படித்தேன்: "குனிஞ்சுதானுங்க எடுத்தேன். முட்டித் தள்ளிட்டான். அந்த வானம் நான் உளுந்ததுக்கு அப்புறம்."

பாவாயிக்குப் போன் போட்டு இரண்டையும் வாசித்துக் காட்டினேன்.

"முட்டறானுங்களாண்ணா?" என்றாள். "அப்ப வயிறு நெறையத் திங்கறான்."